விமானியின் ஊழியப் பாதுகாப்பும் மறுத்துரைக்கும் உரிமையும்

ஊழியப் பாதுகாப்பு என்ற சொற்றொடர் பொதுவாகக் குறைந்த வருவாயினரை முன்னிட்டே பேசப்படுவது. தோட்டத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரியும் பெண் ஆகியோரின் வாழ்வு நாளைய வேலையை நம்பி நிற்பது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. விமானியை அவ்வரிசையில் வைத்து எண்ணுவார் இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டுப் பிள்ளை விமானியாகிவிட்டது என்றால், அக்குடும்பத்தின் கவலைகள் அத்துடன் தீர்ந்தன என்றே அயலவர் கொள்வர். ஆகவே, சிறிய விமான சேவைகளில் பணிபுரியும் விமானிகளின் தொழில் நிலையாமையை ஒழுக்கவியல் வினாவாக எழுப்புவது, வசதி படைத்தோரின் மனக்குறையைப் பெரிதுபடுத்துவதாகத் தோன்றக்கூடும்.

இவ்வெண்ணம் வினாவைத் தவறான இடத்தில் வைப்பதனால் எழுவது. விமானியின் வேலை நிலைக்கின்றதா என்பது அவருடைய வருவாயை மாத்திரம் பற்றிய வினா அன்று. "இன்று பறக்க இயலாது" என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்கின்றாரா என்பதே அதனுள் அடங்கியிருக்கும் வினா. வானிலை, எரிபொருள், இயந்திரக் கோளாறு, தன் உடற்சோர்வு ஆகியவற்றை எண்ணி ஒரு பயணத்தை மறுக்கும் உரிமை அவருக்கு இல்லையெனில், அதன் விலையைக் கொடுப்போர் பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளே. இக்காரணத்தால் விமானியின் ஊழியப் பாதுகாப்பு ஒரு வகுப்பாரின் சலுகையாக அன்றி ஒரு பொது நன்மையாக நோக்கற்பாலது.

இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்து வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குப் போதிய சான்றுகளைத் தருகின்றது. எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சில மைல் தொலைவில் உள்ளது அந்த இரத்மலானை. குறுகிய தூரம் பறக்கும் பிரதேச சேவையாகவே இந்நாட்டின் வான்பயணம் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்த அந்நிறுவனம், 1979 இல் எயார் லங்கா தோன்றியதோடு மறைந்தது. எயார் லங்கா 1998 இல் எமிரேட்ஸ் நிறுவனத்துடன் பங்குடைமை கொண்டு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஆயிற்று. 2001 யூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் அதன் விமானங்களுள் ஏறத்தாழப் பாதி அழிந்தும் சேதமுற்றும் போகவே, சேவைகளையும் ஆளணியையும் சுருக்க நேர்ந்தது. 2008 இல் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. 2007 இல் பறக்கத் தொடங்கிய மிஹின் லங்கா 2016 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஒரு விமானியின் தொழில்வாழ்வு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் எனக் கொண்டால், அக்கால எல்லைக்குள் அவர் பணிபுரியும் நிறுவனம் பெயரும் உடைமையும் கொள்கையும் மாறாது நிற்பது அரிதாகவே இருந்துள்ளது.

பெரிய நிறுவனத்தின் நிலை இதுவெனின் சிறிய நிறுவனங்களின் நிலையைக் கூற வேண்டியதில்லை. 1990 இல் வடபகுதிக்கான புகையிரதம் நின்று, தரைவழியும் அடைபட்டிருந்த காலத்தில், கொழும்பில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு ஊர் செல்லும் வழிகளாக எஞ்சியவை கப்பலும் விமானமுமே. 1983 இன் பின்னர் தமிழர் செறிந்து குடியேறிய வெள்ளவத்தையிலும், நெடுங்காலமாகவே அவர்கள் வாழ்ந்துவந்த கொட்டாஞ்சேனையிலும், இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஓர் ஆசனம் கிடைப்பது பெரும்பேறாகக் கருதப்பட்டது. அச்சேவையில் ஈடுபட்டிருந்த லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனொவ்-24 விமானம் 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வரும் வழியில் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது என்றும், சுட்டோர் விடுதலைப் புலிகள் என்றும் பின்னர் கூறப்பட்டது. அவ்விமானம் பெலாரூஸ் நாட்டிலிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. அதனைச் செலுத்தியோரும் முன்னைய சோவியத்து நாடுகளிலிருந்து வந்தோர். போர் நிகழும் நாட்டின் வான்வெளியில் அவர்கள் எத்தகைய தெரிவுரிமையுடன் பறந்தனர் என்ற வினாவுக்கு விடை பகரக்கூடியவர் எவரும் மீளவில்லை. ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் வேலைக்கு அமர்த்தப்படும் விமானியின் தெரிவுரிமை எத்துணைக் குறுகியது என்பதை மட்டும் பொதுநிலையில் உணரலாம்.

அண்டை நாட்டின் அனுபவமும் இதனின்று வேறுபட்டதன்று. சென்னையைத் தளமாகக் கொண்ட பரமவுண்ட் எயார்வேஸ் 2005 இல் தொடங்கி 2010 இல் நின்றது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட எயார் கார்னிவல் 2016 இல் தொடங்கி மறு ஆண்டே நின்றது. பெரு நிறுவனங்களுள் கிங்பிஷர் 2012 இலும், ஜெற் எயார்வேஸ் 2019 ஏப்பிரலிலும், கோ பெர்ஸ்ற் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானபோது சென்னையிலிருந்து முதலில் வந்தது இந்திய அரசுடைமையான அலையன்ஸ் எயார் என்னும் பிரதேச சேவை. கொரோனாத் தொற்றினால் 2020 இல் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. கொரோனாக் காலத்தில் குறைக்கப்பட்ட ஊதியம் முன்னைய நிலைக்கு மீளவில்லை எனக் கூறி அதன் விமானிகள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே 2022 இலேயே. பயணிகள் மகிழ்ந்து வரவேற்ற மீட்சிக்குப் பின்னால் விமானிகளின் வேறொரு கதையும் இருந்தது.

நிறுவனங்கள் தோன்றுவதும் மறைவதும் எல்லாத் துறைகளுக்கும் பொது. ஒரு கணக்காளர் ஒரு கம்பனியிலிருந்து நீங்கினால் மற்றொன்றில் ஏறத்தாழ அதே நிலையில் அமரலாம். விமானியின் தொழில் அத்தகையதன்று. முதலாவது, அதற்கான பயிற்சிச் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் விழுங்கவல்லது. காணியை விற்றும், வீட்டை ஈடுவைத்தும், வெளிநாட்டு உறவினரிடம் கடன் பெற்றும் அச்செலவு ஈடுசெய்யப்படுகின்றது. இரண்டாவது, வர்த்தக விமானிக்குரிய அனுமதிப்பத்திரம் பெற்றவுடன் எவ்விமானத்தையும் ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி பெற வேண்டும். ஏரிஆர் ஓட்டுபவர் எயார்பஸ் ஓட்டுவதற்கு மீண்டும் பயில வேண்டும். மூன்றாவது, விமான சேவைகள் பெரும்பாலும் சேவைமூப்பு வரிசையைப் பின்பற்றுவன. பத்தாண்டு பணிபுரிந்த ஒருவர் வேறு நிறுவனத்திற்குச் சென்றால் அவ்வரிசையின் கடைசியில் போய் நிற்க நேரும். நான்காவது, மருத்துவச் சான்று குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அது மறுக்கப்படும் நாளில், மற்றெல்லாத் தகைமைகளும் இருந்தும் தொழில் இல்லை.

இந்நான்கும் சேர்ந்து விமானியைத் தன் நிறுவனத்தோடு இறுகப் பிணைக்கின்றன. கார்ல் மார்க்ஸ் கூலித் தொழிலாளியின் சுதந்திரத்தை இரட்டைப் பொருளில் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியை விற்க அவன் சுதந்திரமுடையவன். அதனையன்றி விற்பதற்கு வேறெதுவும் இல்லாத வகையிலும் அவன் 'சுதந்திரமானவன்'. பிரதேச சேவையின் இளம் விமானிக்கு இதனினும் ஒருபடி நெருக்கடி உண்டு. அவருடைய திறமை விலையுயர்ந்தது; ஆனால் அதனை வாங்குவோர் மிகச் சிலர். இலங்கை போன்ற சிறிய நாட்டில் அச்சிலரை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். கடனோ மாதந்தோறும் தவறாது வருவது.

சட்டமோ விமானியிடம் வேறொன்றை எதிர்பார்க்கின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகளின்படி, பறப்பின்போது விமானம் தொடர்பான இறுதி முடிவு தலைமை விமானிக்கே உரியது. நிறுவனத்தின் தலைவரோ அமைச்சரோ அவ்வேளையில் அவருக்குக் கட்டளையிட முடியாது. வானத்தில் அவரை இறுதி அதிகாரியாக்கும் சட்டம், தரையில் அவருடைய ஒப்பந்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கூறாது விடுகின்றது. அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஓர் ஒப்பந்தத்தை உடையவர், மழைமேகம் சூழ்ந்த ஓடுபாதையின் முன்னால் எவ்வாறு இறுதி அதிகாரியாக இருத்தல் கூடும்? அதிகாரம் தாளில் இருப்பது வேறு, அதனைப் பயன்படுத்தும் துணிவுக்கு ஆதாரம் இருப்பது வேறு.

இந்நிலையை ஆராய்வதற்கு அரிஸ்ரோட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் காட்டும் ஓர் உதாரணம் பெரிதும் துணைபுரிகின்றது. புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலையும் உயிரையும் காக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிகின்றான். அச்செயல் அவன் விரும்பிச் செய்ததா, விரும்பாது செய்ததா? தனித்து நோக்கின் எவரும் சரக்கை எறிய விரும்பார்; அவ்வேளையில் அவன் அதனைத் தெரிந்தே செய்தான் என்பதும் உண்மை. எனவே அரிஸ்ரோட்டில் அத்தகைய செயல்களைக் கலப்புச் செயல்கள் என்றார். சோர்வோடு விமானம் ஏறும் விமானியின் செயலும் இக்கலப்பைச் சேர்ந்ததே. ஆயின் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மாலுமியின் புயல் இயற்கையின் செயல். விமானியைச் சூழும் புயலின் ஒரு பகுதி மனிதர் வகுத்த ஒப்பந்தங்களால் ஆனது. இயற்கையின் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது. ஒப்பந்தத்தை வகுத்தவர் மீது சுமத்தலாம்.

இதனை வெறும் கருத்து என்று ஒதுக்க முடியாதபடி ஒரு நிகழ்ச்சி அமைந்தது. 2009 பெப்ரவரி 12 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பவலோ நகருக்கு அருகில், கொல்கன் எயார் என்னும் பிரதேச சேவையின் விமானம் வீழ்ந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் உயிரிழந்தனர். வேகம் குறைந்ததை அறிவித்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாக எதிர்வினையாற்றியதே முதன்மைக் காரணம் என்று விசாரணை கண்டது. அதே விசாரணை மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தது. குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, நாட்டின் மறுகோடியில் உள்ள சியற்றில் நகரிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருக்குத் தடிமன் பீடித்திருந்தது. வீட்டில் இருக்கும்போதே இவ்வாறு இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும், இனி நோயென்று அறிவித்தால் சொந்தச் செலவில் விடுதியில் தங்க வேண்டிவரும் என்றும் அவர் தலைமை விமானியிடம் கூறியது விமானத்தின் குரற்பதிவில் இருந்தது. ஒரு விடுதி அறையின் வாடகை மறுத்துரைக்கும் உரிமைக்குக் குறுக்கே நின்றது. அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர் தன் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்த தலைமை விமானி சலன்பேர்கர், அதே பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசின் முன் சாட்சியமளித்தபோது, தம் ஊதியம் நூற்றுக்கு 40 வீதம் குறைக்கப்பட்டதையும் ஓய்வூதியம் இல்லாதொழிந்ததையும் எடுத்துரைத்து, அனுபவமிக்கோர் இத்தொழிலை விட்டு நீங்குவர் என எச்சரித்தார். உலகம் வீரரென்று போற்றிய வேளையில் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஊழிய நிலைமையே.

மருத்துவச் சான்று பற்றிய அச்சமும் இவ்வாறே உண்மையை மறைக்கத் தூண்டுவது. 2015 மார்ச் 24 ஆம் திகதி ஜேர்மன்விங்ஸ் விமானம் அல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தனர். துணை விமானி தன் மனநோயை நிறுவனத்திடம் மறைத்து, வேண்டுமென்றே விமானத்தை வீழ்த்தினார் என்பது பிரெஞ்சு விசாரணையின் முடிவு. அக்கொடுஞ்செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. எனினும், நோயினால் அனுமதிப்பத்திரத்தை இழக்கும் விமானிக்கு நேரும் சமூக, பொருளாதார நட்டத்தைக் குறைக்க வழிசெய்ய வேண்டும் என்று அவ்விசாரணை 2016 இல் பரிந்துரைத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. உண்மை கூறினால் வாழ்வு போகும் என்ற நிலையில் உண்மையை எதிர்பார்ப்பது அறமாகலாம். அதனையே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக நம்பியிருப்பது அறிவாகாது.

இக்கருத்துக்குச் சான்று தேடி வானத்தை நோக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் சிறிது நேரம் நின்றாலே போதும். ஒரே தடத்தில் ஓடும் தனியார் பஸ்கள் இரண்டு, ஒன்றையொன்று முந்தி, தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகளை அள்ளிக்கொள்ள விரைவதைக் காணலாம். சாரதிகள் இயல்பிலேயே பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்களுட் பலருக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலே அன்றைய வருவாய். முந்தாதவருக்கு வருவாய் குறையும். வேகத்தைக் கண்டிக்கும் பயணி, அவ்வேகத்தை உண்டாக்கும் ஊதிய முறையைக் கண்டிப்பதில்லை. நாள்வசூலில் ஓடும் பஸ்ஸும், பறந்த மணிக்கு மட்டும் ஊதியம் பெறும் விமானியின் விமானமும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

இதற்கு எதிரான சான்று கொட்டாஞ்சேனையின் அயலிலேயே உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கும் வேலை ஒரு காலத்தில் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது; கப்பல் வந்தால் வேலை, வராவிடில் இல்லை என்பதே தொழிலாளரின் பொதுவான நிலை. 1958 இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு அவ்வேலை அரசுடைமையாயிற்று. பஸ் போக்குவரத்து அரசுடைமையானதும் அதே ஆண்டிலேயே. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட தனியார் தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஓர் ஊழியரை நீக்குவதாயின் அவருடைய எழுத்துமூல ஒப்புதலையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ பெற வேண்டும் என விதித்தது. உழைப்பவரின் நாளை என்பது முதலாளியின் விருப்பத்தில் மட்டும் தங்கியிருத்தல் ஆகாது என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. குறித்தகால ஒப்பந்தம் என்ற வடிவம் பரவியபோது அவ்வெண்ணத்தின் வலிமை குன்றியது. ஒப்பந்தம் தானே முடிவடையும்போது எவரும் எவரையும் நீக்கவில்லை என்று கூறிவிட முடிகின்றது.

ஊழியப் பாதுகாப்பை எதிர்ப்போர் இரு நியாயங்களை முன்வைப்பர். முதலாவது, பாதுகாப்பு சோம்பலை வளர்க்கும் என்பது. அரச கூட்டுத்தாபனங்களில் அரசியற் சிபாரிசினால் ஆட்கள் நிரம்பியதையும், நட்டங்கள் பொதுமக்களின் தலையில் ஏறியதையும் அவர்கள் சுட்டுவர். இதில் உண்மை உண்டு. ஆயினும் இருவகைப் பாதுகாப்பை வேறுபிரித்தறிதல் வேண்டும். திறமையின் சோதனையிலிருந்து காக்கும் பாதுகாப்பு ஒன்று. மனச்சான்றின்படி நடந்ததற்கான தண்டனையிலிருந்து காக்கும் பாதுகாப்பு மற்றொன்று. முன்னையதை எந்த விமானியும் பெற்றிருப்பதில்லை. சிமுலேட்டரிலும் பறப்பிலும் மருத்துவர் முன்னிலையிலும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்படும் தொழில்கள் அதனைப் போல் மிகச் சிலவே. விரிவுரையாளருக்கோ வைத்தியருக்கோ சட்டத்தரணிக்கோ அத்தகைய இடையறாத பரீட்சை இல்லை. இங்கு வேண்டப்படுவது இரண்டாம் வகைப் பாதுகாப்பு. அது சோம்பலை வளர்ப்பதற்கு மாறாக, கடமையைச் செய்ய இடந்தருவது.

இரண்டாவது நியாயம் சந்தையைச் சார்ந்தது. எரிபொருள் விலை, நாணயப் பெறுமதி, போர், நோய் ஆகியவற்றுக்கு ஆட்பட்ட ஒரு துறையில் எந்த நிறுவனமும் நாற்பதாண்டு வேலைக்கு உறுதி தர முடியாது என்பர். அதுவும் மெய்யே. ஆனால் ஊழியப் பாதுகாப்பு என்பது நிறுவனம் என்றென்றும் வாழும் என்ற வாக்குறுதி அன்று. இடர் வரும்போது அதன் சுமை எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதே அதன் பொருள். இலாபம் வந்த காலத்தில் பங்குதாரருக்கு உரிய முதன்மையும், நட்டம் வந்த காலத்தில் ஊழியருக்கு உரிய முதன்மையும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாக இருத்தல் நீதியாகாது.

இப்பங்கீட்டின் ஏற்றத்தாழ்வை இந்தியாவின் ஒரு விதி தெளிவாகக் காட்டும். 2017 இல் அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமையகம், தலைமை விமானி ஒருவர் பதவி விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவித்தலும் துணை விமானி ஆறு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. விமானிகள் திடீரென விலகினால் பயணங்கள் தடைப்பட்டுப் பொதுமக்கள் இன்னலுறுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2023 இல் 43 விமானிகள் முன்னறிவித்தலின்றி விலகியபோது ஆகாசா எயார் நிறுவனம் நீதிமன்றத்தை நாடியதும் அக்காரணத்தைக் கொண்டே. பொதுநலன் என்னும் நியாயம் வலிமையானது. ஆனால் வலிமையான நியாயம் இருபுறமும் வெட்ட வேண்டும். விமானி விலகுவது பொதுநலனைப் பாதிப்பதாயின், விமானிக்குச் சம்பளம் கொடுக்கப்படாதிருத்தலும் பொதுநலனைப் பாதிப்பதே. ஓராண்டு கழித்தே நீங்கலாம் என்று கட்டுண்ட ஒருவரின் நிறுவனம், ஒரே இரவில் கதவை மூடி, மாதக்கணக்கான சம்பள நிலுவையை விட்டுச் செல்ல முடியுமாயின், அங்கு உள்ளது ஒப்பந்தம் அன்று, ஒருபக்கக் கட்டு.

இவ்விடத்தில் இலங்கையரை நேரே தொடும் வினா ஒன்று எழுகின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, இந்நாட்டு விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றனர். 2023 இல் ஸ்ரீலங்கன் சேவைகள் தாமதித்தமைக்கு விமானப் பற்றாக்குறையோடு விமானிப் பற்றாக்குறையும் காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாறு சென்றோர் நாட்டைக் கைவிட்டவர்களா? வைத்தியரும் பொறியியலாளரும் இலவசக் கல்வியில் பயின்றோர்; அவர்கள்மீது நாட்டுக்கு ஓர் உரிமை உண்டெனலாம். விமானிகளுட் பெரும்பாலோர் தம் குடும்பச் செலவில் பயின்றோர். அவர்களிடம் நன்றிக்கடன் கேட்பது எளிதன்று. ஆயினும் ஒரு கடமை அவர்களுக்கும் இல்லையென்று கூற முடியாது. தம்முடன் பறந்தோர் மீது கூடுதற் பணிச்சுமை விழும் என்பதை அறிந்து, உரிய முன்னறிவித்தலோடு நீங்குவதும், எஞ்சியிருப்போரின் சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும் அக்கடமையின் பகுதிகள். விசுவாசம் ஒருவழிப் பாதையன்று. அதனைப் பெற விரும்பும் நிறுவனம் முதலில் அதனைக் கொடுத்துப் பழக வேண்டும்.

தமிழர் அறநூல் மரபும் உண்மையுரைப்பவனின் இக்கட்டை அறியாததன்று. திருக்குறளில் தூது என்னும் அதிகாரம், தனக்கே அழிவு வருவதாயினும் அஞ்சாது தன் அரசனுக்கு நன்மை பயப்பவனே தூதன் என்ற உயர்ந்த இலக்கணத்தை வகுக்கின்றது. அவ்விலக்கணத்துக்கு உரியோர் எக்காலத்தும் மிகச் சிலரே. நாள்தோறும் பல்லாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ஒரு துறை, தன் ஊழியர் ஒவ்வொருவரும் அத்தகைய வீரராக இருப்பர் என்று நம்பி இயங்க முடியாது. தனிமனிதரின் அறத்தைப் போற்றுவது ஒருபுறம் இருக்க, சாதாரண மனிதரும் உண்மை கூறக்கூடிய சூழலை ஆக்குவதே சமூகத்தின் அறம். வீரம் தேவைப்படாத இடமே நன்கு அமைந்த இடம்.

அச்சூழலை ஆக்குவதற்கு வேண்டியவை எட்டாக் கனவுகளும் அல்ல. பயணத்தை மறுத்த விமானி அதன் காரணமாக ஒப்பந்தப் புதுப்பிப்பையோ பதவியுயர்வையோ இழக்கலாகாது என்ற விதி; அனுமதிப்பத்திரம் நோயினால் போகுமாயின் மாற்று வேலையோ போதிய காப்புறுதியோ; நிறுவனம் வீழுமாயின் சம்பள நிலுவைக்கு முதலுரிமை; முன்னறிவித்தற் காலம் இருதரப்பையும் சமமாகக் கட்டுதல்; விமானப் பயிற்சிக்கு நியாயமான வட்டியில் கடன்; பறந்த மணிக்கணக்கைச் சாராத அடிப்படைச் சம்பளம். இவற்றின் செலவு இறுதியில் பயணச்சீட்டின் விலையிலேயே சேரும் என்பதை மறைத்தல் ஆகாது. குறைந்த கட்டணத்தை விரும்பும் பயணி, அக்குறைவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமையையும் உடையவர்.

இத்தொழிலைத் தெரிந்தெடுக்கும் இளையோரும் அவர்தம் பெற்றோரும் சிந்திக்க வேண்டியதும் உண்டு. சீருடையின் தோள்பட்டையில் எத்தனை கோடுகள் என்பதை மட்டும் எண்ணுவது போதாது. வேலை தரும் நிறுவனம் தன் விமானிகளின் மறுப்பை எவ்வாறு ஏற்கின்றது, நோயுற்றோரை எவ்வாறு நடத்துகின்றது, சென்ற நெருக்கடியில் யாருடைய சுமையை முதலில் இறக்கியது என்பவற்றை அறிந்த பின்னரே காணியுறுதியை ஈடுவைத்தல் வேண்டும்.

இரத்மலானையிலோ பலாலியிலோ ஒரு சிறிய விமானத்தின் படிகளில் ஏறும் முதியவர், விமானியின் ஒப்பந்தத்தைப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. மேகம் திரண்ட ஒரு மாலையில் "இன்று புறப்பட மாட்டோம்" என்று அறிவிக்கப்பட்டால், அவர் சலித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்பிச் செல்வார். அவ்வறிவிப்பைச் செய்தவர் மறுநாளும் தன் வேலையில் இருப்பாராயின், அம்முதியவரின் பயணச்சீட்டுக்குக் கொடுக்கப்பட்ட பணம் வீண்போகவில்லை.